கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் பயம்

2019 நவம்பர். பிரிட்டன் பொதுத்தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம். பிபிசியின் 'கொஸ்டின் டைம்' நிகழ்ச்சியில் பார்வையாளர் ஒருவர் தொழிலாளர் கட்சி எம்.பி.யோடு மல்லுக்கு நின்றார். எனக்கு ஆண்டுக்கு 80,000 பவுண்டுக்கு மேல் சம்பளம், ஆனால் நாட்டின் மேல்தட்டு ஐந்து சதவீதத்தில் நான் இல்லை, மேல்பாதியில்கூட இல்லை என்று அடித்துச் சொன்னார். அன்றைய மதிப்பில் அது 70 லட்சம் ரூபாய்க்கும் மேல். முழுநேர வேலை பார்க்கும் சராசரி பிரிட்டன்காரரின் சம்பளம் 30,000 பவுண்டை ஒட்டித்தான் இருந்தது. வருமான வரி கட்டுவோரில் சந்தேகமில்லாமல் முதல் ஐந்து சதவீதத்துக்காரர் அவர். நாடே சிரித்தது.

அவர் கொதித்ததற்குக் காரணம், அதே நாளில் வெளியான தொழிலாளர் கட்சியின் தேர்தல் அறிக்கை. 80,000 பவுண்டைத் தாண்டும் வருமானத்துக்கு 45 சதவீத வரி, 1,25,000-ஐத் தாண்டினால் 50 சதவீதம். மற்ற 95 சதவீதம் பேருக்கு வருமான வரி உயராது. 85,000 பவுண்ட் வாங்குகிறவர் இதனால் கூடுதலாகக் கட்ட வேண்டியது ஆண்டுக்கு 250 பவுண்ட். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பது சுலபம். எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. நாம் யாரும் நம் சம்பளத்தைப் புள்ளியியல் துறையின் அட்டவணையோடு வைத்துப் பார்ப்பதில்லை. நமக்கு மேலே இருப்பவரோடுதான் பார்க்கிறோம். அந்த மனிதரும் டாக்டர்களையும் வக்கீல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாதச் சம்பளத்தில் வரி பிடித்துக்கொள்ளப்படுகிறவருக்கு, 'பணக்காரர்' என்பவர் எப்போதும் வேறு யாரோதான்.

தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு 202 இடங்கள். 1935-க்குப் பிறகு மிக மோசமான தோல்வி. வசதியானவர்கள் மேல் கை வைத்தால் இப்படித்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் தொகுதி வாரியாகப் பார்த்தால் கதை வேறு. ஏறக்குறைய இதே வரித் திட்டத்தோடு, இதே 80,000 பவுண்ட் கோட்டோடு, 2017-இல் நின்றபோது அந்தக் கட்சி 30 இடம் கூடுதலாகப் பிடித்தது. லண்டனின் செல்வச் செழிப்பான கென்சிங்டனையே 20 ஓட்டில் வென்றது. (அங்கே கிரென்ஃபெல் போன்ற அடுக்குமாடிகளில் ஏழைகளும் வாழ்ந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.) 2019-இல் அது புதிதாகக் கைப்பற்றிய ஒரே தொகுதி எது தெரியுமா? வசதி படைத்த தென்மேற்கு லண்டனின் பட்னி. இழந்தவற்றில் ஒன்று போல்சோவர். பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதி, டென்னிஸ் ஸ்கின்னர் 1970-இலிருந்து கட்டிக்காத்த கோட்டை. புதிய வரியால் பாதிக்கப்படுகிறவர் அங்கே மிகச் சொற்பம். பிரெக்ஸிட்டும் அப்போதைய தொழிலாளர் கட்சித் தலைவர் கார்பின் மீதான வெறுப்பும்தான் அந்தத் தேர்தலை உருட்டின என்பது உண்மை. அதனாலேயே சொல்கிறேன்: வரி கட்டப்போகிறவர் ஓட்டை மாற்றினார் என்பதற்கு அந்த முடிவில் சாட்சியம் இல்லை.

அப்படியானால் வரி அறிவிப்பு ஓட்டைப் பாதிப்பதே இல்லையா? பாதிக்கிறது, கோட்டுக்குக் கீழே இருப்பவர்களிடம்.

இதற்குப் பாடநூல் 1992 தேர்தல். தொழிலாளர் கட்சியின் நிழல் நிதியமைச்சர் ஜான் ஸ்மித், ஆட்சிக்கு வருமுன்பே மாதிரி பட்ஜெட் ஒன்றை வெளியிட்டார். உச்ச வரி 50 சதவீதம். தேசியக் காப்பீட்டுப் பிடித்தத்துக்கு இருந்த மேல்வரம்பு நீங்கும். பதிலுக்கு ஓய்வூதியமும் குழந்தைகளுக்கான உதவித்தொகையும் உயரும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது லாபக் கணக்கு. ஆனால் அந்த மேல்வரம்பு ஆண்டுக்கு 21,000 பவுண்டையொட்டி இருந்தது. பெரிய பணக்காரனின் எல்லையல்ல அது. லண்டன் பக்கத்து மேற்பார்வையாளரும் தலைமையாசிரியரும் எட்டிவிட்ட, அல்லது இரண்டு பதவி உயர்வில் எட்டிவிட நினைத்த எல்லை. கன்சர்வேட்டிவ் கட்சி அதற்கு முன்பே ஊரெங்கும் வெடிகுண்டுப் படத்தோடு சுவரொட்டி ஒட்டி, ஆளுக்கு 1,250 பவுண்ட் கூடுதல் வரி என்று மிரட்டியிருந்தது. பிரதமர் ஜான் மேஜர் 21 இடப் பெரும்பான்மையில் தப்பினார். வரிக்குப் பயந்து ஓட்டுப் போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? மறு ஆண்டே வீட்டு மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் மதிப்புக் கூட்டு வரி அறிவித்தார் அவருடைய நிதியமைச்சர் நார்மன் லமான்ட். தேசியக் காப்பீட்டையும் உயர்த்தினார்.

இன்று அடுத்த வீட்டுக்காரன், நாளை நான் என்ற நினைப்பு வந்துவிட்டால் எந்தப் புள்ளிவிவரமும் எடுபடாது. 2019-இல் அந்த நினைப்பைத் தொழிலாளர் கட்சியே வளர்த்துவிட்டது. அறிக்கை வெளியான சில நாட்களிலேயே, ஓய்வூதிய வயது உயர்ந்ததால் இழப்புக்குள்ளான 1950-களில் பிறந்த பெண்களுக்கு 58 பில்லியன் பவுண்ட் இழப்பீடு என்றது. கட்சியின் செலவுக் கணக்கில் அந்தத் தொகை இல்லை. திருமணமானவர்களுக்கான வரிச் சலுகையை நீக்கப்போவதும் அம்பலமானது. குறைந்த வருமானத் தம்பதிகள் அதில் ஆண்டுக்கு 250 பவுண்ட் வரை இழப்பார்கள். 85,000 பவுண்ட் சம்பளக்காரர் கூடுதலாகக் கட்டவிருந்த அதே தொகை! இதற்குப் பிறகு "95 சதவீதம் பேருக்குக் கவலையில்லை" என்றால் யார் நம்புவார்?

கட்சிகளும் பாடம் படித்தன, தப்புப் பாடமாக. 1997-இல் தொழிலாளர் கட்சியின் டோனி பிளேர் வருமான வரி விகிதத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து 179 இடப் பெரும்பான்மையோடு வந்தார். அதிலிருந்து அந்தச் சத்தியம் ஒரு சடங்காகிவிட்டது. 2019-இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் போரிஸ் ஜான்சன் அதைச் செய்தார். 2024-இல் தொழிலாளர் கட்சியின் கியர் ஸ்டார்மர் செய்தார். இருவரும் பெரிய வெற்றி பெற்றார்கள். பணமோ தேவைப்பட்டது. ஆகவே விகிதத்தை விட்டுவிட்டு வரம்பைப் பிடித்தார்கள். 40 சதவீத வரி தொடங்கும் 50,270 பவுண்ட் வரம்பு 2021-இலிருந்து அசையவில்லை. விலைவாசியோடு சம்பளம் ஏற ஏற, செவிலியரும் ஆசிரியரும் ஒவ்வொருவராக அந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள். ஒரு காலத்தில் நல்ல வசதிக்காரர் மட்டும் கட்டிய வரி அது. நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் அந்த வரம்பை உறையவைத்தார், பின்னர் அப்பதவிக்கு வந்த ஜெரமி ஹன்ட் 2028 வரை நீட்டினார். அதற்கு மேல் நீட்டுவது உழைப்பவர்களைப் பாதிக்கும் என்று 2024-இல் சொன்ன தொழிலாளர் கட்சி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், 2025 நவம்பரில் 2031 வரை நீட்டினார்.

ஜான் ஸ்மித் கணக்கைத் திறந்து காட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டார். இந்த மூன்று நிதியமைச்சர்களும் கொண்டுவந்த வரி உயர்வை எந்தக் கட்சியும் எந்தத் தேர்தலிலும் வரி உயர்வு என்று சொல்லி ஓட்டுக் கேட்கவில்லை.