மூணே நாளில் போகும் படர்தாமரை

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்டி ரெண்டு மாசமாச்சு. நடுவில் மூணு வாரம் மைசூருக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டு நியூஜெர்சி திரும்பினேன். மைசூர்னதும் அரண்மனை, சாமுண்டி மலைன்னு படம் போடுவேன்னு எதிர்பார்த்தவங்க மன்னிக்கணும். இது அரிப்பு பற்றிய பதிவு. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வரவும் :-)

சரஸ்வதிபுரம் வீட்டில் போய் இறங்கின அன்றே கவனித்தேன். அக்கா பையன், இஞ்சினியரிங் மூணாம் வருஷம், நின்ற இடத்தில் நிற்காமல் தொடையைச் சொறிந்துகொண்டே இருந்தான். தனியாகக் கூப்பிட்டு "காட்டுடா"ன்னேன். இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் படர்தாமரை. வழக்கமான தெளிவான ஓரம் இல்லை, வளையத்துக்குள் வளையமாக ஒரு குழப்படி. அதுகூடப் பரவாயில்லை. தொடையிடுக்கில், பிள்ளை பெற்றவர்களுக்கு வயிற்றில் விழுமே, அந்த மாதிரி வரிவரியாகக் கோடுகள். இருபது வயசுப் பையனுக்கு! அந்தக் கோடுகள் இனி முழுசாகப் போகாது.

"என்னடா போடறே?" மேஜை டிராயரைத் திறந்தான். ஒரே பெயரில் எட்டு டியூப், ஏழு பிதுக்கிக் காலி. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் முதல் டியூபைக் கொடுக்கும்போதே சொன்னார்களாம், "ஹச்சி சார், மூரே தினா". தடவு, மூணே நாள். சொன்ன மாதிரியே மூணாம் நாள் அரிப்பு நின்றது. பத்தாம் நாள் திரும்பி வந்தது, கூடவே நாலு வட்டம். அடுத்த டியூப். இப்படியே எட்டு மாசம்.

இதுக்குள் அவன் தங்கைக்கும் கன்னத்தில் ஒரு வட்டம். பத்து வயசுக் குழந்தை. அதே டியூப். "அவனுக்குக் கேட்டுதேன்னு போட்டேன்டா தம்பி"ன்னு அக்கா. அக்காவை எப்படித் திட்டுவது?

டியூபில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே குளோபெட்டசால். இந்தக் கடைசி ஆள்தான் வில்லன். பூசுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. ரெண்டு வாரத்துக்கு மேல் போடாதே, முகம், அக்குள், தொடையிடுக்கு பக்கம் போகாதேன்னு மருந்துக் குறிப்பிலேயே இருக்கும். படர்தாமரை தொடையிடுக்கைத் தவிர வேறெங்கே அதிகம் வருதாம்?

பூஞ்சை தோலில் வளர்ந்தால் உடம்பு சண்டை போடும். அந்தச் சண்டைதான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு சண்டையை நிறுத்திவிடும். போலீஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஊர் அமைதியாக இருக்குன்னு அறிக்கை விடுகிற கதைதான். உள்ளே பூஞ்சை சொகுசாகப் படரும், தோல் மெலிந்து கோடு விழும், வட்டம் உருமாறி டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும்.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு சார். இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் வருஷக்கணக்காகக் கத்தினதில், 2018 மார்ச்சில் 14 பூச்சு ஸ்டீராய்டுகளை மத்திய அரசு ஷெட்யூல் எச்-க்குள் கொண்டுவந்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அதே வருஷம் செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை. அதில் குளோபெட்டசாலோடு மூணு மருந்தைக் கலந்த க்ரீமும் உண்டு. ஒன்றைத் தடுத்தால் சேர்மானத்தைக் கொஞ்சம் மாற்றி வேறு டியூப் வருது. சீட்டு கேட்பதெல்லாம் காகிதத்தோடு சரி. எட்டு டியூப் வாங்கியும் என் மருமகனிடம் ஒருத்தரும் கேட்கலை.

இங்கே உட்கார்ந்து ஊரைக் குறை சொல்றியான்னு கிளம்பாதீங்க. நானும் விற்றிருக்கிறேன். பி.ஃபார்ம் படிக்கும்போது சாயங்காலம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்ற காலத்தில், "தம்பி கைராசி, ரெண்டே நாள்ல அரிப்பு போச்சு"ன்னு தேடி வருவாங்க. பெருமையாக இருக்கும். திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கத் தோணலை. அமெரிக்காவும் யோக்கியமில்லை. இங்கே இந்த மாதிரிக் கூட்டு க்ரீமுக்குச் சீட்டு வேணும், ஆனால் 2021-இல் மெடிகேர் திட்டத்தில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேல் சீட்டு எழுதியிருக்காங்க.

விளைவு என்ன? டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே. 2020-இல் ஜப்பானில் வைத்த பெயர், இந்தியாவையும் சேர்த்து. டெர்பினாஃபின் என்கிற நல்ல மருந்துக்கு இது பல சமயம் மசிவதில்லை. கண்ட ஸ்டீராய்டு கலவையைப் பூசினதும் இது பரவ ஒரு காரணம்னு நிபுணர்கள் சொல்றாங்க. 2023-இல் நியூயார்க்கில் ரெண்டு பேருக்கு வந்ததாக அறிவித்தார்கள். அதில் ஒருத்தர் வெளிநாடே போகாதவர்.

பொட்டிக்கடை வைத்தியம் மாதிரி கொஞ்சம் சொல்லிடறேன். நடுவில் தெளிந்து, ஓரம் சிவந்து செதிலோடு வட்டமாக விரிந்து அரித்தால் பெரும்பாலும் படர்தாமரை. (வண்டுகடின்னும் சொல்வாங்க. இங்கிலீஷ்காரன் ரிங்வொர்ம்ங்கறான். வண்டும் இல்லை, புழுவும் இல்லை.) தேமல் வேற பூஞ்சை, அவ்வளவாக அரிக்காது. ஒண்ணு ரெண்டு வட்டம்தான்னா ஸ்டீராய்டு இல்லாத குளோட்ரிமசோல் மாதிரி ஒன்றை, ஓரத்துக்கு வெளியேயும் சேர்த்துப் பூசி, மறைந்த பிறகும் ரெண்டு வாரம் விடாமல் போடணும். உடம்பெல்லாம் பரவினது, தலைமுடி, நகம், குழந்தை முகம், ஏற்கனவே ஸ்டீராய்டு பூசினது, இதெல்லாம் டாக்டர்தான். மைசூரில் மெடிக்கல் காலேஜோடு சேர்ந்த கே.ஆர். ஆஸ்பத்திரி இருக்கு, ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒண்ணு இருக்கும். செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். துண்டு தனித்தனி. வீட்டில் யார் யாருக்கு இருக்கோ எல்லாரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்கணும், இல்லாட்டி மாற்றி மாற்றி வரும்.

கடைப்பையன் மேல் மட்டும் பாய்வதில் அர்த்தமில்லை. மூணு மருந்தை ஒரே டியூபில் அடைத்துக் காசு பார்க்கிறவனையும், அதுக்கு லைசென்ஸ் கொடுத்தவனையும் விட்டுவிட்டு கவுண்டரில் நிற்கிறவனைப் பிடிப்பது நம்ம பழைய பழக்கம். இந்தக் கலவைகளை ஒவ்வொன்றாகத் துரத்தாமல் படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த டியூபே கூடாதுன்னு மொத்தமாக நிறுத்தணும். அதுவரைக்கும் நீங்களாவது டியூபைத் திருப்பிப் படியுங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், இதில் எது இருந்தாலும் கடையிலேயே திருப்பிக் கொடுங்க.

மருமகன் இப்போ தோல் டாக்டர் கொடுத்த இட்ராகோனசோல் மாத்திரையில் இருக்கான். ஸ்டீராய்டை நிறுத்தின முதல் ரெண்டு வாரம் முன்னைவிட மோசமாக அரித்ததாம், ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸப்பில் திட்டினான். குழந்தையின் கன்னம் தெளிந்துகொண்டு வருது.

பி.கு: அரைஞாண் கயிற்றில் ஈரம் தங்குது, பூஞ்சையும் அதிலேயே தங்கும், வெட்டிப் போடுங்கன்னு சொன்னதுக்கு அக்காவின் மாமியார் இன்னும் என்னோடு பேசவில்லை.