ஏரியிலே எண்ணெய் விடாதே!

விவசாயப் பெருங்குடி மக்களே!

கல்வராயன் மலையில பெய்யுற மழை கோமுகி அணையில தேங்கி, வாய்க்கால் வழியா நம்ம ஏரிக்கு வருது. அந்த ஏரியில ஆலைக்காரன் எண்ணெய்க் கழிவைத் திறந்து விடுகிறான். கேட்டால், “சாப்பிடுற கடலை எண்ணெய்தானே, விஷமா?” என்கிறான்.

நாம சாப்பிடுவோம், ஏரி சாப்பிடுமா? எண்ணெய்ப் படலம் மூடினால் தண்ணீருக்குள் காற்று இறங்காது. எண்ணெயை மக்க வைக்கும் கிருமிகள் மிச்சம் இருக்கும் பிராணவாயுவையும் தின்று தீர்க்கும். ஏரித் தண்ணியைக் கண்ணாடி கிளாசில் மொண்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். தத்தித் தத்தி நீந்துமே பொடிப்பூச்சி, நீர்த்தெள்ளு! உடம்பில் எண்ணெய் ஒட்டினால் அது நீந்த முடியாமல் மூச்சுத் திணறிச் சாகும். பூச்சிதானே என்று விட்டுவிட முடியுமா? பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது அதுதான். மீன்குஞ்சுக்குத் தீனியும் அதுதான். கட்லா பெருத்த பிறகும் அதைத்தான் தேடித் தின்னும். கடன் வாங்கி ஏரியை ஏலம் எடுத்துக் குஞ்சு விட்டவனுக்கு ஆலைக்காரனா வட்டி கட்டுவான்?

ஆறு ஏரியில் விடும் கழிவில் எண்ணெயும் பிசுக்கும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதி. இங்கே அளந்து பார்த்த அதிகாரி யார்?

கழிவுக் குழாயை அடை! எங்கள் கண் முன்னே தண்ணீர் எடுத்துச் சோதனை செய்!

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்துக்குத் திரண்டு வாங்க. ஆளுக்கு ஒரு பாட்டில் ஏரித் தண்ணி மறக்காதீங்க.

இவண்,
ஏரிப்பாசன விவசாயிகள்