தட்டில் வந்த எள்ளும் வெல்லமும்

தை முதல் நாளில் நம் வீடுகளில் பொங்கல் பானை பொங்கும் வேளையில், பெங்களூருவின் பழைய தெருக்களில் பெண்களும் சிறுமியரும் புத்தாடை உடுத்துத் தட்டேந்தி வீடு வீடாகச் செல்வதைக் காணலாம். தட்டில் எள்ளும் வெல்லமும் கலந்த பொட்டலம், கரும்புத் துண்டு, வாழைப்பழம், இலந்தைப்பழம், வெண்ணிறச் சர்க்கரை அச்சு ஆகியவை இருக்கும். ‘எள்ளு பீரோது’ என்பது இவ்வழக்கத்தின் கன்னடப் பெயர். எள்ளும் வெல்லமும் உண்டு நல்லதே பேசுங்கள் என்று சொல்லிக் கொடுப்பர். மகாராட்டிரத்தில் எள்ளுருண்டை கொடுத்து ஏறக்குறைய இதையே சொல்வர்.

கலவை பார்வைக்கு எளியது. வெள்ளை எள், நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொப்பரை, வெல்லம் என ஐந்தே பொருள்கள். செய்து பார்த்தவர்க்கே அதன் பாடு தெரியும். கொப்பரையின் பழுப்புத் தோலைச் சீவி நீக்கிவிட்டு, வெண்பகுதியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். வெல்லம் அதைவிடப் பிடிவாதமுள்ளது. அழுத்தினால் தூளாகும், தயங்கினால் கத்தி வழுக்கும். பாக்குவெட்டியால் நறுக்குவோரும் உண்டு. நறுக்கியவற்றை வெயிலில் சில நாள் உலர்த்த வேண்டும். (பெங்களூருவின் மார்கழி வெயிலை நம்பி ஏமாந்தவர் எத்தனை பேரோ!) நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். சர்க்கரை அச்சு தனி வேலை. பாகில் சிறிது பால் விட்டு அழுக்கை எடுத்து, நீரில் ஊறிய மர அச்சுகளை இறுகக் கட்டி, பதம் தவறாமல் ஊற்ற வேண்டும். கிளி, யானை, கோபுரம், துளசி மாடம் எனப் பாட்டி காலத்து அச்சுகளை இன்றும் போற்றி வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

இப்பொழுது காந்தி பஜாரிலும் மல்லேசுவரத்திலும் ஆயத்தக் கலவையே கிடைக்கிறது. வாங்குவோரை நாம் குறை கூறவில்லை. அலுவலகம் சென்று திரும்பும் பெண்ணிடம் நள்ளிரவில் கொப்பரை நறுக்கச் சொல்வது நியாயமன்று. வீட்டு ஆண்கள் பாக்குவெட்டியைக் கையில் எடுப்பதும் அரிது. கடைப் பொட்டலத்திலும் எவரோ ஒருவருடைய உழைப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் இரண்டும் ஒன்றே என்று சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் சுவையன்று.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் ஆண்டுதோறும் எங்களுக்கு இரண்டு பொட்டலங்கள் தருவார். ஒன்றில் எல்லாம் முறையாக நறுக்கப்பட்டிருக்கும். மற்றொன்றில் கடலை பொடியாக இடித்தும் கொப்பரை துருவியும் இருக்கும். பாத்திரத்தின் அடியில் மிஞ்சிய தூளை வீணாக்காமல் கட்டித் தருகிறார் என்றே நாங்கள் எண்ணினோம். அதைச் சொல்லி வீட்டுக்குள் சிரித்ததும் உண்டு. அந்தப் பொட்டலத்தைத் தந்தையார்தாம் எப்பொழுதும் எடுத்துக்கொள்வார்.

தந்தையார் மறைந்தபின் ஓராண்டு எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. அதற்கடுத்த சங்கராந்திக்கு ஒரே ஒரு பொட்டலம் வந்தது. அப்பொழுதுதான் விளங்கிற்று. பல் விழுந்த முதியவர் ஒருவருக்காக அவர் ஒவ்வோராண்டும் தனியே இடித்திருக்கிறார். ஒரு நாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடைப் பொட்டலம் யார் வந்தாலும் அவருக்குரியது. கையால் செய்தது, உண்பவரை அறிந்து செய்யப்படுகிறது. சர்க்கரை நோயுள்ளவருக்கு வெல்லம் குறையும், குழந்தைக்கு யானை அச்சு போகும். கொடுப்பவர் இவற்றையெல்லாம் எடுத்துரைப்பதில்லை. உரைத்தால் பெறுபவர் கூசுவார். ஆகவே கவனிக்கும் கடமை பெறுபவரைச் சேர்கிறது. நாம் அதில்தான் பெரிதும் தவறுகிறோம். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று சர்க்கரைப் பொங்கல் வைத்து அனுப்பிவிட்டால் கணக்கு நேராயிற்று என நினைத்துவிடுகிறோம். அந்த அம்மையாருக்கு முந்திரி ஆகாது என்பதை நாங்கள் அறிந்துகொள்ளப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை ஒவ்வொரு தையிலும் தாராளமாக முந்திரி போட்டே அனுப்பியிருக்கிறோம்.

அவருக்கு இப்பொழுது விரல்கள் மடங்குவதில்லை. சென்ற மார்கழியில், “இந்த வருடம் கடையில் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்” என்று தவறு செய்தவர்போலத் தாழ்ந்த குரலில் சொன்னார். மறுநாள் மாலை பாக்குவெட்டியோடு போய் அவர் கூடத்தில் அமர்ந்தோம். நாங்கள் நறுக்கிய வெல்லம் ஒன்று கடுகாகவும் ஒன்று நெல்லிக்காயாகவும் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவற்றைப் பொறுக்கி எங்கள் பக்கமே தள்ளி வைத்தார்.

பிளந்த கடலையில் ஒரு கிண்ணம் மட்டும் தனியே இருந்தது. யாருக்கு அம்மா என்று கேட்டோம். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெரியவருக்காம். “கொஞ்சம் இடித்துக் கொடுங்கள், நைசாக வேண்டும்” என்று சிற்றுரலை எங்களிடம் நகர்த்தினார்.