அட்டையில் இல்லாத கேள்வி

அண்மையில் உறவுப்பெண் ஒருத்தியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றிருந்தேன். அவளுக்கு ஐந்தாம் மாதம். எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் யாவும் அட்டையில் பதிவாயின. எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகியவற்றுக்கு முன்பே இரத்தம் எடுத்திருந்தார்கள். பால்வினை நோயைச் சோதிக்கிறார்கள். பாலுறவு பற்றிப் பேசுவதில்லை. திரும்பும் வழியில்தான் தயங்கியபடி அவள் கேட்டாள்: "இந்த நேரத்துல அவரோட சேர்ந்திருந்தா குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா அத்தை?"

சிக்கலற்ற கர்ப்பத்தில் ஆகாது என்பதே மருத்துவத்தின் பதில். பனிக்குட நீரும் கருப்பைத் தசையும் சிசுவைக் காக்கின்றன. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்தாலோ, உதிரப்போக்கு, பனிக்குட உடைவு, குறைப்பிரசவ அறிகுறி ஆகியவை இருந்தாலோ தவிர்க்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் குமட்டலாலும் அயர்ச்சியாலும் நாட்டம் குறைவதும், இடையில் சிலருக்கு மீள்வதும், இறுதியில் தளர்வதும் இயல்பே. வெள்ளைப்படுதல் மிகுவதும் அப்படியே. ஆனால், அரிப்போ துர்நாற்றமோ இருந்தால் சிகிச்சை தேவை. கூச்சத்தால் மறைக்கப்படும் தொற்றுகளுள் சில குறைப்பிரசவத்துடன் தொடர்புடையவை.

இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லாத இடத்தை அச்சமும் உபதேசமும் நிரப்புகின்றன. 2017-இல் மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கையேடு ஒன்று, கர்ப்பிணிகள் இறைச்சியையும் இச்சையையும் விலக்க வேண்டும் என்று அறிவுறுத்திச் சர்ச்சைக்குள்ளானது.

அவள் கேள்விக்குள் வேறொரு கேள்வியும் இருந்ததோ என்று பிறகுதான் தோன்றியது. ஆபத்து என்று நான் சொல்லியிருந்தால், மறுப்பதற்கு அவளுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். "வேண்டாம்" என்ற சொல் மட்டும் நம் வீடுகளில் போதிய காரணமாவதில்லை.

சட்டத்திலும் அதே நிலைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 64-ஆம் பிரிவு, கர்ப்பிணி என்று அறிந்தே ஒரு பெண்ணை வல்லுறவுக்கு உள்ளாக்குபவருக்குக் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் விதிக்கிறது. ஆனால், 18 வயது நிறைந்த மனைவியுடன் கணவன் கொள்ளும் உறவு வல்லுறவாகாது என்று 63-ஆம் பிரிவின் விதிவிலக்கு கூறுகிறது. அவள் கர்ப்பிணி என்பதை எல்லோரினும் நன்கறிந்தவன் கணவன்தானே!

சட்டம் மாறக் காலம் பிடிக்கலாம். பரிசோதனை அறையில் உடன் வந்தவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, "வீட்டில் எப்படி இருக்கிறது? உறவில் வலி, வற்புறுத்தல் உண்டா?" என்று செவிலியர் கேட்பதற்கு எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டியதில்லை. ஒருமுறை கணவரையும் அழைத்துப் பேசலாம்.

அடுத்த பரிசோதனையில் தயங்காமல் மருத்துவரிடமே கேள் என்றேன். அவள் சிரித்தாள். "மாமியாரும் கூட வருவாங்களே அத்தை."