பந்தற்காலில் கைவைத்த பிள்ளைகள்

தோட்டப்புறத்தில் தாய் தந்தையரை இழந்து நின்ற பிள்ளைகளை வளர்த்தது யார் என்று வினவினால், அக்காலத்து முதியோர் ஒரு தனி மனிதரின் பெயரைக் கூறுவது அரிது. "தோட்டமே வளர்த்தது" என்பார்கள். இச்சொல்லின் பொருளை இன்றைய ஆலய நிர்வாகங்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அதற்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் காலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் அக்காட்டிலேயே மாண்டனர். 1945இல் போர் ஓய்ந்தபோது, லயங்கள்தோறும் தகப்பனைக் காணாத பிள்ளைகள் இருந்தனர். தாயையும் சேர்த்து இழந்தோர் பலர்.

அப்பிள்ளைகளுக்கு ஒரு வாய்ச் சோறு பக்கத்து வீட்டில் கிடைத்திருக்கும். ஆனால், சோறு கிடைப்பது வேறு. ஊரில் ஓர் இடம் கிடைப்பது வேறு. அந்த இடத்தைப் பல தோட்டங்களில் அளித்தது மாரியம்மன் கோயில் திருவிழாவே என்றால் அது மிகையாகாது.

காப்புக் கட்டி விட்டால் தோட்டம் முழுவதுமே விரதத்தில் ஆழ்ந்துவிடும். காலையில் பெரட்டுக்குச் சென்று, பால் மரம் சீவி, பாலை எடுத்து ஸ்டோரில் சேர்த்துவிட்டு வந்த பெரியவர்களுக்கு மாலைப் பொழுது மட்டுமே மிஞ்சும். எனவே பந்தற்கால் நடும்போது பிடித்துக்கொள்ளவும், மாவிலை பறித்துத் தோரணம் கட்டவும், சந்தனம் அரைக்கவும், விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றவும், தீமிதிக்கு விறகு சுமக்கவும் சிறுவர்களின் கைகள் தேவைப்பட்டன. முளைப்பாரிக்கு நீர் தெளிப்பது சிறுமியர் பொறுப்பு. அந்தப் பையன் மாவிலைக்குப் போகாவிட்டால் வாசலில் தோரணம் இல்லை. அவனைத் தேடிக்கொண்டு ஆள் வரும், திட்டும் விழும்! தன்னைக் காணோமே என்று தேட நாலு பேர் உண்டு என்பதை அத்திட்டிலிருந்துதான் அவன் அறிந்தான். அடுத்த ஆண்டு அவ்வேலை எவரும் சொல்லாமலே அவனுடையதாயிற்று.

அந்நாளைத் தோட்ட வாழ்வைப் பொற்காலமாகப் பாடுவது உண்மைக்குப் புறம்பாகும். கள்ளுக்கடை குடும்பங்களைக் கெடுத்தது. கங்காணியின் கை பல முதுகுகளில் விழுந்தது. கோயில் காரியங்களிலும் சாதி பார்த்து வேலை பிரித்தவர்கள் இருந்தனர். அக்குறைகள் மலிந்த இடத்திலேயே ஓர் அநாதைப் பிள்ளைக்கு உரிமை பிறந்தது என்பதுதான் வியப்பு.

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும் பின்னாளில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினர். கோயில் பல இடங்களில் புதிதாக, பெரிதாக எழுந்தது. ஆனால், பந்தலுக்கு இன்று குத்தகையாளர், தோரணத்திற்குப் பூக்கடைக்காரர், சமையலுக்குக் கேட்டரிங். பிள்ளைகளின் கைகளுக்கு வேலையில்லை.

பெற்றோரற்ற பிள்ளைகள் இன்று இல்லங்களில் வளர்கின்றனர். சுவாமி சத்தியானந்தர் 1949இல் நிறுவிய சுத்த சமாஜத்தில், 2023இல் மறைந்த அன்னை மங்களம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குத் தாயாக விளங்கியதை நாடறியும். அத்தகைய இல்லங்களின் பிள்ளைகளை ஆலயங்கள் திருவிழாவுக்கு அழைப்பதும் உண்டு. எப்படி அழைக்கின்றன? பேருந்தில் வரவழைத்து, மேடையில் வரிசையாக நிறுத்தி, பொட்டலத்தையும் அன்பளிப்பு உறையையும் பிரமுகர் கையால் வழங்கி, புகைப்படம் எடுத்து, அன்னதானம் முடிந்ததும் அனுப்பி விடுகின்றன. கொடுப்பவர் மனத்தில் கருணை இல்லாமலில்லை. எனினும், அப்பிள்ளை அக்கோயிலில் விருந்தாளியாகவே நின்று, விருந்தாளியாகவே திரும்புகிறான். மறு ஆண்டு வேறோர் இல்லம், வேறு முகங்கள்.

ஓர் ஆலயம் ஓர் இல்லத்தோடு மட்டும் நெடுங்காலத் தொடர்பு கொள்ளலாம். இல்லப் பொறுப்பாளரின் இசைவுடன் அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் கொடியேற்றத்திற்கு முன்பே வரவழைத்து, இன்னார்க்கு இன்ன பணி என்று ஒப்படைக்கலாம். தண்ணீர்ப் பந்தலாகட்டும், தேவாரம் ஓதுவதாகட்டும், தேர் விளக்காகட்டும், அது அவர்கள் பொறுப்பாகவே இருக்கட்டும். பிள்ளைகள் தவறு செய்வார்கள், நேரம் வீணாகும் என்று நிர்வாகத்தினர் சிலர் தயங்கலாம். ஆகட்டுமே! தோட்டத்துப் பிள்ளைகள் கட்டிய தோரணமும் கோணலாகத்தான் தொங்கியது.

அர்ச்சனைச் சீட்டில் பெயரும் நட்சத்திரமும் கேட்கும்போது விழிக்கின்ற பிள்ளைகளும் இல்லங்களில் உண்டு; கோத்திரம் கேட்டால் சொல்லவே வேண்டாம். கோத்திரம் அறியாதோர்க்குச் சிவகோத்திரம் என்று சொல்லிச் சங்கல்பம் செய்யும் வழக்கம் இருக்கிறது. அதைச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் இருப்பவரும் தெரிந்து வைத்திருந்தால், அந்தப் பிள்ளை வரிசையை விட்டு விலகி நிற்க வேண்டியிராது.