தமால் முடிந்த பிறகு

குபெர்டினோவில் டயஸ்போரா என்றால் நமக்கு நாம்தான். எச்-1பி, கிரீன் கார்டு வரிசை, வார இறுதித் தமிழ்ப் பள்ளி, யாராவது ஒருவர் வீட்டுப் பெண்ணின் அரங்கேற்றம். ஆப்பிரிக்க டயஸ்போரா என்றதும் அட்லாண்டிக், அடிமைக் கப்பல், பருத்தி வயல் என்று மனசு மேற்கேதான் ஓடும். அரபிக் கடல் வழியாக வந்தவர்களும் உண்டு. குஜராத்திலும் கர்நாடகத்திலும் நூற்றாண்டுகளாக வாழ்கிற சித்தி சமூகத்தார் அவர்கள். இலங்கையில் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறம்பியடியிலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சிலர் இருக்கிறார்கள். இதை இங்கே ஒரு பாட்லக்கில் சொல்லிப் பாருங்கள், "நம்ம ஊர்லயா?" என்பார்கள்.

பெஹ்ரோஸ் ஷ்ராஃப், இர்வைனில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஆவணப்பட இயக்குநர். யூபா சிட்டி சீக்கியர்களைப் படமெடுத்தவர், பிறகு சித்திகள் பக்கம் போனார். 'வி ஆர் இண்டியன் அண்ட் ஆப்பிரிக்கன்', 'ஆன்செஸ்ட்ரல் லிங்க்ஸ்' எல்லாம் அவர் எடுத்த படங்கள். கலிபோர்னியாவில் குடியேறிய ஓர் இந்தியப் பெண் இந்தியாவில் ஆப்பிரிக்காவைத் தேடிப் போனது எனக்குப் பிடித்திருக்கிறது.

சித்திகள் என்றால் டிவிக்காரர்களுக்குத் தமால் ஆட்டம் போதும். மயிலிறகு, முகத்தில் வண்ணம், முரசு, மேலே எறிந்த தேங்காய் தலையில் விழுந்து உடைவது. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் பரூச் பக்கம் ரத்தன்பூரில் பாவா கோர் தர்காவில் கேட்டால் கதை வேறு. அரக்கியை அடக்க பாவா கோர் முதலான அண்ணன்மாரால் ஆகவில்லை, தங்கை மாய் மிஸ்ராதான் முடித்தாளாம். பிள்ளை வரம் கேட்டு வருகிற பெண்கள் அவளிடம்தான் போகிறார்கள்.

கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் காட்டோரக் கிராமங்களில் சித்திப் பெண்கள் பழைய புடவை, கிழிந்த சட்டைத் துண்டுகளை வைத்துப் போர்வை தைக்கிறார்கள். கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கும் தையல் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேரும். நாலு மூலையிலும் துணியை மடித்து முக்கோணமாக ஒரு 'பூ' வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள். கலை வரலாற்று ஆய்வாளர் ஹென்றி ட்ரூவல் இவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்.

தேங்காய் உடைவதை எடுக்க அரை நிமிஷம் போதும். போர்வை நாள்கணக்கில் வளரும், சத்தமும் கிடையாது. எந்தத் தயாரிப்பாளர் காசு கொடுப்பார்? கிர் காட்டோரம் ஜம்பூரில் ஹீர்பாய் லோபி என்ற சித்திப் பெண்மணி மற்ற பெண்களைச் சேர்த்து இயற்கை உரம் தயாரித்து விற்று, அவர்கள் கையில் நாலு காசு புரள வைத்தார். 2023இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகுதான் கேமராக்கள் அங்கே ஓடின. விழாவில் அவர் பிரதமரை வாழ்த்திய காட்சி நம் வாட்ஸாப் குழுக்களிலும் சுற்றியது. உரம் தயாரிக்கிற காட்சியை ஒருத்தர்கூட அனுப்பவில்லை.