விளம்பரத்தை நிறுத்திட்டாங்களாம்... நீங்க ஃபண்டை விக்கணுமா?

பெரிய கம்பெனி ஒண்ணு "இனி இந்த ஆப்ல விளம்பரம் குடுக்க மாட்டோம்"னு அறிவிச்சா, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல வர்ற மெசேஜ் இதுதான்: "மச்சி, நாஸ்டாக் ஃபண்ட் வச்சிருக்கேன், எஸ்ஐபி-யை நிறுத்திடவா?"

கொஞ்சம் பொறுங்க. 2020-ல் இது நடந்திருக்கு. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, வெறுப்புப் பதிவுகளை ஃபேஸ்புக் கண்டுக்கறதில்லைன்னு சொல்லி, ஜூலை மாதம் விளம்பரத்தை நிறுத்தும்படி அமெரிக்க சிவில் உரிமை அமைப்புகள் கேட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் சேர்ந்தன. ஜூன் 26-ம் தேதி யூனிலீவர் (நம்ம சர்ஃப் எக்ஸல், லைஃப்பாய் ஆளுங்கதான்) அறிவிச்ச அன்னைக்கு ஃபேஸ்புக் பங்கு 8 சதவீதத்துக்கு மேல விழுந்து 216 டாலருக்கு வந்தது. பயந்து வித்தவங்க, ரெண்டே மாசத்துல அது 300 டாலரைத் தாண்டினதை வேடிக்கைதான் பார்த்தாங்க. முந்தின வருஷம் சுமார் 70 பில்லியன் டாலரா இருந்த வருமானம், அந்த வருஷம் சுமார் 86 பில்லியன்!

காரணம் தெரியணும்னா காரைக்குடிக்கு வாங்க. இங்க எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க கண்டாங்கிச் சேலை விக்கறாங்க. தினம் 300 ரூபாய் போட்டு இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் ஓட்டறாங்க. ரெண்டு நாள் நிறுத்தினா ஆர்டர் படுத்துடும். டிவி விளம்பரமெல்லாம் அவங்களுக்குக் கட்டுப்படியாகாது. இவங்களை மாதிரி சின்னச் சின்ன ஆளுங்களையும் சேர்த்து அப்போ ஃபேஸ்புக்குக்கு 80 லட்சத்துக்கு மேல விளம்பரதாரர்கள். அதுல ஆயிரம் பேர் போனா என்ன ஆகும்?

போனவங்களும் முழுசா போகலை. யூனிலீவர் நிறுத்தினது அமெரிக்காவில் மட்டும். கோகோ கோலா நிறுத்தினது 30 நாள். கோவிட்ல எல்லாரும் செலவைக் குறைச்சுக்கிட்டிருந்த நேரம் வேற. என்னைக் கேட்டா, மனசாட்சி பாதி, பட்ஜெட் பாதி. 2017-ல் பி அண்ட் ஜி, டிஜிட்டல் விளம்பரத்துல 20 கோடி டாலரை வெட்டிச்சு. அந்தப் பணத்தை வேற இடத்துல போட்டதால இன்னும் 10 சதவீதம் அதிகம் பேரைப் போய்ச் சேர்ந்தோம்னு அவங்களே சொன்னாங்க. காசு வீணாகுதுன்னு தெரிஞ்சா எவ்வளவு பெரிய கம்பெனியும் கையை இழுத்துக்கும். அதுல தப்பும் இல்ல.

ஆனா எப்பவும் இப்படியே முடியும்னு நினைக்காதீங்க. ட்விட்டர் கதை வேற. 2021-ல் அதோட வருமானம் சுமார் 5 பில்லியன் டாலர், அதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் விளம்பரம். அதுவும் பெரிய பிராண்டுகள் தங்களோட பேருக்காகக் குடுக்கிற விளம்பரம்தான் அதிகம். நாஜி ஆதரவுப் பதிவுக்குப் பக்கத்துல தன் பேர் நிக்கிறதை எந்த பிராண்டும் விரும்பாது. 2023 நவம்பர்ல அப்படி ஒரு அறிக்கை வந்ததும் ஐபிஎம், ஆப்பிள், டிஸ்னி எல்லாம் நிறுத்தின. அதுக்கு முன்னாடியே, ஜூலையில, விளம்பர வருமானம் சுமார் 50 சதவீதம் குறைஞ்சதா எலான் மஸ்கே எழுதியிருந்தார். அங்க கண்டாங்கி அக்காக்கள் போதுமான அளவு இல்ல.

செட்டிநாட்டுக்காரங்களுக்கு இது பழைய பாடம். 1930-கள்ல நெல் விலை சரிஞ்சு கடன் திரும்பாம, கீழ்பர்மாவோட நெல் நிலத்துல சுமார் கால்வாசி நகரத்தார் கைக்கு வந்துச்சு. 1942-ல் ஜப்பான் உள்ள வந்ததும் போட்டது போட்டபடி கிளம்பினாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் நிலமும் போச்சு. லேவாதேவியில அவங்களை மிஞ்ச ஆள் இல்ல. ஆனா பணம் பெரும்பாலும் ஒரே நாட்டுல இருந்துச்சு.

அதனால ஃபண்டை விக்கறதுக்கு முன்னாடி, அந்தக் கம்பெனிக்குக் காசு தர்றது எத்தனை பேர்னு பாருங்க. அப்படியே நீங்க வேலை பாக்கிற கம்பெனியையும் பாருங்க. ஒரே கிளையண்ட்டை நம்பி ஓடுற ஏஜென்சின்னா, உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்கு 6 மாசச் சம்பளம் பத்தாது, 9 மாசம் வைங்க.

கண்டாங்கி அக்கா இப்போ ஆர்டர் குடுக்கிற ஒவ்வொருத்தர் போன் நம்பரையும் ஒரு நோட்டுல எழுதி வைக்கறாங்க. "நாளைக்கு இன்ஸ்டாகிராமே இல்லாம போனா?"ன்னு கேட்டாங்க. டிக்டாக் ஒரே ராத்திரியில போனதை அவங்க மறக்கல.